கடைமடைக்கு வராத மழைக்கணக்கு

2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்பாண்டிச் சீமை ஜனங்கள் பட்ட துயரம் நம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபர்ணி கரைபுரண்டு நெல்லை நகருட் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 ரயில் பிரயாணிகள் தவித்தனர். எச்சரிக்கை தாமதித்ததென்று சென்னை சர்க்காரும், 12-ந் தேதியே சொன்னோமென்று டில்லி சர்க்காரும் வாதாடின.

அவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே: மழை அளக்கப்பட்ட நேரத்திற்கும், அக்கணக்கு கலெக்டர் கைக்குச் சேரும் நேரத்திற்கும் இடையே எவ்வளவு காலம் கழிகிறது, எவ்விடத்தில் கழிகிறது?

மழைமானி அனுப்பும் கணக்கைச் சர்வர் என்னும் கணிப்பொறி வாங்கி வினியோகிக்கிறது. இக்காலத்தில் ஒரே பெரும் பொறியைப் பல பொறிகள்போல் பாவித்துப் பல காரியங்களுக்குப் பங்கிடுகிறார்கள். சாதாரண நாளில் இது சிக்கனமே. புயல் நாளிலோ எல்லாரும் ஒருங்கே கேட்பதால், மழைக்கணக்கு தன் முறை வரும்வரை வரிசையில் தேங்கிவிடக்கூடும்.

கடைமடைக்குத் தண்ணீர் வராவிடில் நம் குடியானவன் புதிய அணை கேட்பதில்லை. மண்வெட்டியுடன் கால்வாயோரம் மேல்நோக்கி நடந்து, மடை மடையாய்ப் பார்க்கிறான். அதிகாரிகளும் கடிகாரங்களை ஒத்துவைத்து, ஒவ்வொரு படியிலும் கணக்கு வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் பதியட்டும். இடைவெளி எங்கே விரிகிறதோ அங்கேதான் அடைப்பு. பொறியே அடைப்பானால், மழைக்கணக்கிற்கென்று அதில் ஒரு பங்கைப் பிறர் தொடாதபடி ஒதுக்கட்டும். நேரப் பதிவை ஜனங்களும் பார்க்கட்டும்.

இவை ஐப்பசி பிறக்குமுன் நடந்தாகவேண்டும். வெள்ளம் வரிசையில் நிற்பதில்லை.