காயத்துக்குப் பின் காதல் – 9: நாற்பதாயிரம் டாலர் வண்ணம்

எடுத்த படம் தோற்ற வேதனையில் இரவெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு தோவில் கடற்கரைக்குப் போன பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் லெலூஷ், விடியற்காலையில் தூரத்தில் ஒரு பெண்ணும் குழந்தையும் நாயும் நடந்து போவதைப் பார்த்தார். போன வாரம் அங்கே நிறுத்தியிருந்தோம். அந்த விடியலில் பிறந்த ‘ஒரு ஆணும் ஒரு பெண்ணும்’ (1966) படத்தின் இசையைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் வண்ணம் குறுக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. இசையமைப்பாளர் பிரான்சிஸ் லே ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

படத்தை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். ஒரு காட்சி வண்ணத்தில் இருக்கும். அடுத்தது கறுப்பு வெள்ளையில் வரும். இன்னொன்று பழைய புகைப்படம் போலப் பழுப்பேறியிருக்கும். இதற்கு அடியில் ஏதோ பெரிய அழகியல் கொள்கை இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காரணம் பணம். பணம் மட்டும்தான்.

லெலூஷுக்கு அப்போது 28 வயது. அடுத்தடுத்து அடி வாங்கியிருந்தார். முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிடலாம் என்பதுதான் திட்டம். வண்ண பிலிம் வாங்க வசதி இல்லை. அந்த நேரத்தில் ஓர் அமெரிக்க விநியோகஸ்தர், வண்ணத்தில் எடுப்பதானால் 40,000 டாலர் கூடுதலாகத் தருகிறேன் என்றார். லெலூஷ் வாங்கிக்கொண்டார். ஆனால், அந்தத் தொகை முழுப் படத்துக்கும் காணாது. அதனால் வெளிப்புறக் காட்சிகளுக்கு வண்ண பிலிம், நான்கு சுவருக்குள் நடப்பவற்றுக்குக் கறுப்பு வெள்ளை என்று பொதுவாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். படப்பிடிப்பு மூன்றே வாரம். கேமராவைக் கையில் பிடித்ததும் அவரேதான். கிடைத்த பழைய கேமரா பெரிதாகச் சத்தம் போட்டது. வசனம் பதிவாகும்போது அதன் மேல் போர்வையைப் போட்டு மூடி ஓட்டினார்கள்.

இந்தத் தகவலைப் படித்த பிறகு படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பணத் தட்டுப்பாட்டில் போட்ட கணக்கு, இந்தக் கதைக்குள் புகுந்து என்ன செய்திருக்கிறது என்பது அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆன், சினிமாவில் கன்டினியூட்டி பார்க்கிற பெண். ழான்-லூயி, கார் பந்தய வீரன். இருவருடைய குழந்தைகளும் தோவிலில் ஒரே விடுதிப் பள்ளியில் படிக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் பாரிஸ் ரயிலைத் தவறவிடுகிறாள். அவன் தன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறான். மழை, கண்ணாடியில் ஓயாமல் அசையும் வைப்பர். உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்று அவன் பேச்சுக்குக் கேட்கிறான். அவள் சொல்ல ஆரம்பிக்கிறாள். சண்டைக் காட்சிக் கலைஞர். எதிலும் ஆர்வம், எதிலும் முழு வேகம். பிரேசிலுக்குப் போய்விட்டு வந்து வீட்டையே சம்பாவால் நிரப்பியவர். கேட்கிறவனுக்கு அவர் மேல் பொறாமையே வந்திருக்கும். அவர் ஒரு படப்பிடிப்பில் குண்டு வெடித்து இறந்துபோனார் என்பது பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

அவள் நினைவில் அந்தக் கணவர் வரும் காட்சிகள் வண்ணத்தில் இருக்கின்றன.

நம் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். கடந்த காலத்தைச் சொல்ல வேண்டுமென்றால் திரை கறுப்பு வெள்ளைக்கு மாறும் என்பது நமக்குப் பழகிய வழக்கம். நிகழ்காலம் உயிருள்ளது, போனது வெளிறிப்போனது என்பது அதன் பொருள். லெலூஷ் படத்தில் அது தலைகீழாகிவிட்டது. இறந்தவர் குதிரையோடும் பனியோடும் பாட்டோடும் நிறம் நிறமாக வாழ்கிறார். உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டுகிறவன் சாம்பல் நிறத்தில் இருக்கிறான்.

துணையை இழந்தவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கு இன்று சமைப்பது, பஸ் ஏறுவது, வேலைக்குப் போவது எல்லாம் ஒரே நிறத்தில்தான் நடக்கின்றன. போனவரைப் பற்றிப் பேச்செடுத்தால்தான் முகத்தில் நிறம் வருகிறது. எந்தச் சட்டை, எந்தத் தெரு, என்ன சொல்லிச் சிரித்தார் என்று ஒவ்வொன்றும் வந்துவிடும். மறந்துவிடு, புது வாழ்க்கையைத் தொடங்கு என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லும்போது, இருக்கிற ஒரே நிறத்தையும் அழித்துவிடச் சொல்கிறார்கள். அந்தப் புத்திமதி ஏன் ஒருபோதும் வேலை செய்வதில்லை என்பதை இந்தப் படம் ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் காட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர முடியவில்லை. இறந்த கணவராக நடித்தவர் பியர் பரூ. படத்தின் பாடல்களை எழுதியவரும் அவரே. ஆனாக நடித்தவர் அனூக் எமே. படம் வெளியான அதே 1966இல் இருவரும் நிஜத்திலேயே திருமணம் செய்துகொண்டார்கள். திரையில் அவள் கண்களில் தெரியும் ஏக்கத்துக்குப் பின்னால் எவ்வளவு உண்மை இருந்ததோ, அவர்களுக்குத்தான் தெரியும்.

ழான்-லூயியின் காயம் வேறு வகை. ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவனுக்குப் பெரும் விபத்து. பிழைப்பானா என்று தெரியாமல் காத்திருந்த மனைவி அதைத் தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவன் பிழைத்துவிடுகிறான். தன் உயிர் தப்பியதற்கு அவள் உயிர் விலையாகிவிட்டது என்ற பாரத்தோடு மீண்டும் பந்தயக் காரில் ஏறுகிறான். அவன் அதிகம் பேசுவதில்லை. மகனைக் கடற்கரையில் காரோட்ட விட்டுச் சிரிக்கிறான். அவ்வளவுதான் நமக்குக் காட்டுகிறான்.

அந்த மனிதனாக நடித்த ழான்-லூயி த்ரன்தினியானுக்குப் பந்தயம் குடும்பக் கதை. அவருடைய சித்தப்பா மோரிஸ் த்ரன்தினியான் மொனாக்கோ கிராண்ட் பிரீயை 1955இலும் 1958இலும் வென்றவர். 1954இல் ல மான் பந்தயத்தையும் வென்றார். மோரிஸின் அண்ணன் லூயியும் பந்தய வீரர்தான். 1933இல் பெரோனில் பயிற்சி ஓட்டத்தின்போது இறந்துபோனார். அண்ணன் ஓட்டிய புகாட்டி காரை மோரிஸ் தேடி வாங்கி, அதிலேயே தன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். ஒருவரைக் கொன்ற விளையாட்டை விட்டு ஓடாமல், அவருடைய வண்டியிலேயே ஏறி உட்கார்ந்த குடும்பம் அது. ழான்-லூயியும் பின்னாளில், 1980இல், ல மான் பந்தயத்தில் கலந்துகொண்டார். படத்தில் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் விதத்தில் நடிப்பு தெரியாததற்கு அந்தக் குடும்பப் பின்னணிதான் காரணம்.

இப்போது அந்த ஓட்டல் அறைக்கு வருகிறேன். என் கணக்கில் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மான்டி கார்லோ ராலியை முடித்த ழான்-லூயிக்கு ஆனிடமிருந்து ஒரு தந்தி வருகிறது: பாராட்டு, கூடவே காதல். அவன் மஸ்டாங் காரை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக மான்டி கார்லோவிலிருந்து பாரிஸ் வருகிறான். அவளைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்க்கிறான். அவள் தோவிலில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அங்கே ஓட்டுகிறான். கடற்கரையில் குழந்தைகளோடு நிற்பவளிடம் ஓடுகிறான். வேறு படமாக இருந்தால் இங்கே முடித்திருப்பார்கள். பார்வையாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

லெலூஷ் முடிக்கவில்லை. அவர்களை ஓர் அறைக்குள் அனுப்புகிறார். அவன் அணைப்பில் இருக்கும்போதே அவளுக்குள் பழைய கணவர் வந்துவிடுகிறார். அறை நிறமற்றுக் கிடக்க, அவர் வண்ணத்தோடு வருகிறார். அவள் உடல் இறுகுகிறது. ஏன் என்று அவன் கேட்கிறான். என் கணவர் என்கிறாள். அவர் இறந்துவிட்டாரே என்கிறான். அவளிடம் பதில் இல்லை. உடையை மாற்றிக்கொண்டு ரயிலேறிவிடுகிறாள்.

அவள் அவனை விரும்பவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் அடி வைத்து, தந்தி கொடுத்தவள் அவள். மனம் தயாராகிவிட்டது, உடல் இன்னும் பழைய வீட்டில் இருக்கிறது. காயம்பட்டவர்களின் காதலைச் சொல்லும் பெரும்பாலான படங்கள், சரியான ஆள் கிடைத்ததும் எல்லாம் ஆறிவிடும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கின்றன. சரியான ஆள் கிடைத்த பிறகுதான் உண்மையான சிரமம் ஆரம்பிக்கிறது என்று சொல்லும் தைரியம் இந்தப் படத்துக்கு இருக்கிறது. இரண்டாவது காதலுக்கு முதல் காதலைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால், இரண்டும் ஒரே மனதில் இடம் பிடிக்கக் கொஞ்ச காலம் ஆகும். அந்தக் காலத்தைக் கொடுக்கிறவன்தான் ழான்-லூயி. கோபித்துக்கொண்டு போகவில்லை. காரில் முந்திக்கொண்டு போய் அவள் வந்திறங்கும் பாரிஸ் ரயில் நிலையத்தில் நிற்கிறான். அவன் அங்கே நிற்கப்போவது அனூக் எமேவுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்று லெலூஷ் சொல்லியிருக்கிறார். அவர் முகத்தில் தெரியும் திகைப்பைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

அந்த ஆண்டு கான் விழாவின் உச்சப் பரிசை இந்தப் படம் ஓர் இத்தாலியப் படத்தோடு பகிர்ந்துகொண்டது. சிறந்த அயல்மொழிப் படம், சிறந்த திரைக்கதை என்று இரண்டு ஆஸ்கர்களும் வந்தன. 2019இல் லெலூஷ் இதே இருவரையும் மறுபடி சேர்த்து ஒரு படம் எடுத்தார். த்ரன்தினியானுக்கு 88 வயது, எமேவுக்கு 87. முதியோர் இல்லத்தில் நினைவு கலைந்து கொண்டிருக்கும் ழான்-லூயிக்கு ஆனைப் பற்றியது மட்டும் மிச்சம் இருக்கிறது. 2022 ஜூனில் த்ரன்தினியானும் 2024 ஜூனில் எமேவும் காலமானார்கள்.

அடுத்த வாரம் கட்டாயம் பிரான்சிஸ் லேயின் இசை. படப்பிடிப்புக்கு முன்பே இசையைப் பதிவு செய்து வைத்துக்கொண்ட விசித்திரத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்குள் ஒருமுறை படத்தைப் பார்த்துவிடுங்கள். துணையை இழந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்ததும், மறந்துவிடு என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். போனவரைப் பற்றிக் கேளுங்கள், அவர் சொல்லட்டும்.

(தொடரும்)