அந்தோன்: ஆணியில்லாக் காகித விளக்கு
ஜப்பான், எடோ காலப் (1603–1868) பாணி. மரம், வாஷி காகிதம்.

சட்டத்தில் ஆணியைத் தேடாதீர்கள், கிடையாது. கால்களில் துளை, குறுக்குச் சட்டங்களின் முனையில் கழுந்து. ஒன்றுக்குள் ஒன்று இறுகி நிற்கின்றன. பக்கங்களில் ‘குமிக்கோ’ எனும் மெல்லிய மரக்குச்சிகள் குறுக்கிடும் இடத்தைக் குனிந்து பாருங்கள்: இரண்டிலும் பாதி ஆழம் வெட்டிக் கோத்திருப்பதால் மேடு தட்டாது. வெட்டு மயிரிழை அகன்றாலும் குச்சி ஆடும். தச்சரின் கை தெரிவது அங்கேதான். இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய ரம்பத்தின் மெல்லிய அலகு இதற்குத் தோதானது.

காகிதம் மாவுப்பசையில் ஒட்டியது. கிழிந்தால் நனைத்து உரித்துப் புதிது ஒட்டலாம். உள்ளே, எண்ணெய் அகலில் திரி. வசதியுள்ளோர் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெய் ஊற்றினார்கள். ஏழை வீடுகளில் மத்தி மீன் எண்ணெய்: விலை மலிவு, நாற்றம் அதிகம்.