பேண்ட் எய்ட் இசைத்தட்டு, 1984
7 அங்குல வினைல், லண்டன்

எத்தியோப்பியாவின் கோரெமில் மக்கள் பசியால் கொத்துக் கொத்தாக மடிவதை 1984 அக்டோபரில் பிபிசி தொலைக்காட்சி காட்டியது. அதைப் பார்த்துக் கலங்கிய பாடகர் பாப் கெல்டாஃப், இசைக்கலைஞர் மிட்ஜ் யூருடன் சேர்ந்து ‘டூ தே நோ இட்ஸ் கிறிஸ்மஸ்?’ பாட்டை உருவாக்கினார். நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, நாட்டிங் ஹில் ஸ்டுடியோ ஒன்றில் பதிவு தொடங்கியது. ஸ்டுடியோவுக்கு வாடகை இல்லை. ‘பேண்ட் எய்ட்’ என்ற பெயரில் கூடிப் பாடியவர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களில் ஒருவரான பாய் ஜார்ஜ் நியூயார்க்கிலிருந்து விமானம் பிடித்து மாலையில் வந்து சேர்ந்தார்.

உறையைச் சற்று நின்று பாருங்கள். ஓவியர் பீட்டர் பிளேக் வடிவமைத்தது. வண்ண வண்ணக் கிறிஸ்மஸ் காட்சிகளுக்கு நடுவே, கறுப்பு வெள்ளையில் இரண்டு எத்தியோப்பியக் குழந்தைகள். பாட்டைவிட இந்தப் படம்தான் நெஞ்சை அதிகம் உலுக்குகிறது.

பாட்டுக்குப் பிரிட்டனில் 5 வாரம் முதலிடம். ஓராண்டுக்குள் திரண்டது சுமார் 80 லட்சம் பவுண்டு. அது பஞ்ச நிவாரணத்துக்குப் போனது. விற்பனை வரியை விட்டுத்தர முதலில் மறுத்த அரசு, எதிர்ப்பு வலுத்ததும் அதே அளவு தொகையை நன்கொடையாக வழங்கியது.

‘இது கிறிஸ்மஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா?’ என்ற தலைப்பில் உள்ள கேள்வி மட்டும் அந்த மக்களுக்கு நியாயம் செய்யவில்லை. எத்தியோப்பியா 4ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு. அங்கே கிறிஸ்மஸ் ஜனவரி 7.