ஹாட் ராட் இதழ்களும் தானுந்து மாதிரியுருக்களும்

ஹாட் ராட் இதழ்கள் என்பவை, பழைய தானுந்துகளின் உடலை வெட்டிக் குறைத்தும் பொறியை மாற்றியும் வேகத்துக்காக மறுஆக்கம் செய்யும் அமெரிக்கப் பழக்கத்தைப் பற்றி 1948 முதல் வெளிவந்த பருவ இதழ்கள் ஆகும். தானுந்துகளைச் சிறிய அளவில் துல்லியமாகச் செய்யும் மாதிரியுருக் கலைஞர்களுக்கு இவற்றின் பழைய பிரதிகள் முதன்மையான மூலங்களாக விளங்குகின்றன. இவ்வண்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கைவேலையாக உருவானவை. தொழிற்சாலை வரைபடம் எதுவும் இவற்றுக்குக் கிடையாது. பல வண்டிகள் சில ஆண்டுகளிலேயே மீண்டும் பிரிக்கப்பட்டன, அல்லது தொலைந்தன. அத்தகைய வண்டி எப்படி இருந்தது என்பதற்கு இதழில் வந்த நான்கைந்து ஒளிப்படங்களே பெரும்பாலும் எஞ்சிய சான்று.

பின்னணி

1932-ல் ஃபோர்டு நிறுவனம் குறைந்த விலையில் எட்டு உருளைப் பொறி கொண்ட தானுந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் உடைய அப்பொறி, பின்னாளில் பழைய வண்டிகளை மலிவாக வாங்கிய தெற்குக் கலிபோர்னிய இளைஞர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் சக்கர மூடிகளைக் கழற்றி எறிந்து, எடையைக் குறைத்து, முரோக் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் வண்டிகளை ஓட்டினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமான ஓடுபாதைகளிலும் பந்தயங்கள் நடக்கத் தொடங்கின. (நம்மூரிலும் சென்னைக்கு அருகே சோழவரத்தில் போர்க்கால ஓடுபாதையே பந்தயத் தடமாயிற்று என்பது ஒரு சுவையான ஒற்றுமை.)

இராபர்ட் பீட்டர்சன், இராபர்ட் லின்ட்சே ஆகிய இருவரும் 1948 சனவரியில் 'ஹாட் ராட்' இதழைத் தொடங்கினர். 25 சென்ட் விலையில் 5,000 படிகள் அச்சாயின. 1953-ல் 'ராட் அண்ட் கஸ்டம்' வெளிவந்தது. அதே ஆண்டில் 'ஹாங்க்' என்ற பெயரில் தொடங்கிய இன்னோர் இதழ், ஆண்டு முடிவதற்குள் 'கார் கிராஃப்ட்' எனப் பெயர் மாறியது. இவற்றை வாங்கியவர்களுள் வண்டி ஓட்டும் வயதை எட்டாத சிறுவர்களும் இருந்தனர்.

மாதிரியுருப் பெட்டிகள்

நெகிழி உறுப்புகளைப் பெட்டியில் இட்டு விற்கும் தொழில் இதே காலத்தில் வளர்ந்தது. ஏஎம்டி நிறுவனம் தொடக்கத்தில் தானுந்து முகவர்களுக்கான விளம்பர மாதிரிகளைச் செய்துவந்தது. 1958-ல் அது வெளியிட்ட பெட்டிகளில் ஒரே வண்டியை மூன்று விதமாகக் கட்டலாம்: தொழிற்சாலையில் இருந்து வந்தபடி, அழகுக்காக மாற்றியபடி, பந்தயத்துக்காக மாற்றியபடி. இரண்டாவது, மூன்றாவது வகைகளுக்கான கூடுதல் உறுப்புகள், அந்நாளைய இதழ்களின் பக்கங்களில் காணப்பட்ட மாற்றங்களையே சிறிய அளவில் தந்தன.

இதழ்களில் புகழ்பெற்ற வண்டிகளும் பெட்டிகளாக வந்தன. ஜார்ஜ் பாரிஸ் பட்டறையில் உருவான 'அலா கார்ட்', 1958, 1959 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர் என்ற பரிசை ஓக்லாந்தில் வென்றது. அதை ஏஎம்டி பெட்டியாக விற்றது. எட் ராத் உருவாக்கிய வண்டிகளை ரெவெல் நிறுவனம் வெளியிட்டது. அவற்றுள் ஒன்றான 'பீட்னிக் பேண்டிட்', 1968-ல் வந்த முதல் பதினாறு ஹாட் வீல்ஸ் பொம்மைகளிலும் இடம்பெற்றது. 1960களின் தொடக்கத்தில் 'கார் மாடல்', 'மாடல் கார் சயின்ஸ்' என மாதிரியுருக்களுக்கென்றே தனி இதழ்கள் தோன்றின.

ஒளிப்படத்திலிருந்து அளவு எடுத்தல்

பெட்டியில் இல்லாத வண்டியைச் செய்ய விரும்புபவர் இதழின் ஒளிப்படத்தையே வரைபடமாகக் கொள்ள வேண்டும். இதற்கு, படத்தில் உள்ள ஏதேனும் ஒரு பகுதியின் உண்மை நீளம் தெரிந்திருந்தால் போதும். பெரும்பாலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம் இதற்குப் பயன்படுகிறது. 1932 ஃபோர்டில் இது 106 அங்குலம், அதாவது 2692 மில்லிமீட்டர். 1:25 அளவில் இது 107.7 மி.மீ. ஆகும்.

பக்கவாட்டுப் படத்தில் இரு சக்கர மையங்களுக்கு இடையே 90 மி.மீ. இருப்பதாகக் கொள்வோம். 107.7-ஐ 90-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.2 வரும். படத்தில் அளந்த எதையும் இந்த எண்ணால் பெருக்கினால் மாதிரியுருவின் அளவு கிடைத்துவிடும். படத்தில் முன் கண்ணாடி 8 மி.மீ. உயரம் என்றால் மாதிரியில் அதை 9.6 மி.மீ. ஆக வெட்ட வேண்டும். கட்டுரையில் கூரை 3 அங்குலம் குறைக்கப்பட்டது என்று எழுதியிருந்தால், தூண்களில் அறுத்தெடுக்க வேண்டியது 3 மி.மீ. மட்டுமே. ஒரு மி.மீ. கூடுதலாக வெட்டினாலும் உண்மை வண்டியில் அது ஓர் அங்குலப் பிழை. கூரையின் உயரத்தில் ஓர் அங்குலம் மாறினாலே வண்டியின் முகம் மாறிவிடும்.

இந்த முறைக்குச் சில வரம்புகள் உண்டு. வண்டிக்கு மிக அருகில் நின்று எடுத்த படத்தில், கருவிக்கு அண்மையில் உள்ள பகுதி பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் விழும். எனவே தொலைவில் இருந்து நேர்பக்கமாக எடுத்த படமே நம்பத்தக்கது. முன்மூலையில் இருந்து எடுத்த அழகான அட்டைப்படம், சரிபார்ப்பதற்கு உதவுமே தவிர அளப்பதற்கு உதவாது. சக்கர மையங்கள் மறைந்திருந்தால் சக்கர விளிம்பைக் கொண்டு அளக்கலாம். 16 அங்குல விளிம்பு 1:25 அளவில் 16.3 மி.மீ. வரும். மேலும், ரெவெல், மோனோகிராம் பெட்டிகளில் பல 1:24 அளவில் உள்ளன. அவ்வளவில் அதே ஃபோர்டின் அச்சிடை நீளம் 112.2 மி.மீ. ஆகிவிடுவதால், ஒரு பெட்டியின் உடலை மற்றொன்றின் அடிச்சட்டத்தில் பொருத்துவோர் நாலரை மி.மீ. வேறுபாட்டைச் சரிக்கட்ட வேண்டும்.

உள்ளுறுப்புகளைப் பொறுத்தவரை, ரெக்ஸ் பர்னெட் 'ஹாட் ராட்' இதழுக்கு வரைந்த வெட்டுத்தோற்றப் படங்கள் பெரிதும் போற்றப்படுகின்றன. உடலின் தகடு கண்ணாடிபோல் ஆகி, அடிச்சட்டமும் பொறியும் வேகப்பெட்டியும் உள்ளபடி தெரிவது போன்றவை அவை. ஒளிப்படக் கருவி நுழைய முடியாத இடத்தையும் அவை காட்டுகின்றன.

நிறம்

உருவத்தைவிட நிறமே கடினமான சிக்கல். அக்கால இதழ்களின் உட்பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையானவை. அடர்சிவப்பும் அடர்பச்சையும் அவற்றில் ஒரே சாம்பலாகத் தெரியும். ஆகவே படத்தின் அடியில் உள்ள குறிப்பும் கட்டுரையின் வாசகமும் படத்துக்கு இணையாக முக்கியமானவை. வெள்ளி அல்லது பொன் நிற அடிப்பூச்சின்மேல் ஒளிபுகும் சிவப்பைப் பூசும் 'கேண்டி' முறையில் செய்த வண்டி என்று எழுதியிருந்தால், மாதிரியிலும் அதே வரிசையில்தான் பூச வேண்டும். சாதாரணச் சிவப்பு அந்த ஆழத்தைத் தராது. ஆனால் மினுக்குத் துகள் கலந்த பூச்சை அப்படியே பயன்படுத்தினால், 1:25 அளவில் துகள்கள் கூழாங்கற்களாகத் தோன்றும். அதற்கு மிக நுண்ணிய பொடி வேண்டும்.

இதழின் தேதியும் கவனிக்கத்தக்கது. பாரிஸ் பட்டறை 1952-ல் மாற்றியமைத்த 1951 மெர்க்குரி, 'ஹிரோஹாடா மெர்க்' எனப் பெயர்பெற்றது. முதலில் இருவகைப் பச்சையில் இருந்த அதற்குப் பின்னர் வேறு நிறம் பூசப்பட்டது. ஆண்டைக் கருதாமல் இரு கட்டுரைகளைக் கலந்து செய்யும் மாதிரியுரு, என்றுமே இருந்திராத ஒரு வண்டியாக முடியும். இவ்வண்டி பிழைத்துக்கொண்டது. 2022 சனவரியில் ஏறத்தாழ இருபது இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

மாதிரியிலிருந்து வண்டிக்கு

இதழிலிருந்து மாதிரியுருவுக்குச் செல்லும் ஓட்டம் சில வேளைகளில் எதிர்த்திசையிலும் நடந்துள்ளது. 'ராட் அண்ட் கஸ்டம்' இதழில் வரைந்துவந்த டாம் டேனியல், பின்னர் மோனோகிராம் நிறுவனத்துக்கு வடிவமைப்பாளரானார். செருமானியப் படைத் தலைக்கவசத்தைக் கூரையாக உடைய அவரது 'ரெட் பேரன்' 1968-ல் முதலில் பெட்டியாகத்தான் வந்தது. ஓட்டக்கூடிய முழு அளவு வண்டி அதற்குப் பிறகே கட்டப்பட்டது.

இதைவிட வியப்பானது 'மிஸ்டீரியன்' கதை. இரண்டு ஃபோர்டு பொறிகளும் குமிழ்க் கூரையும் கொண்ட இவ்வண்டியை எட் ராத் 1963-ல் காட்சிக்கு வைத்தார். சில ஆண்டுகளில் வண்டி அழிந்துபோனது. 2000களில் அதன் மறுபடியைக் கட்டியபோது பழைய ஒளிப்படங்களும், சிறுவர்கள் பசையிட்டு ஒட்டி விளையாடிய ரெவெல் பெட்டியும் வழிகாட்டின.

குறைகள்

இவ்விதழ்களை முழுமையான ஆவணம் என்று கொள்வது சரியன்று. பீட்டர்சனின் பதிப்பகம் லாஸ் ஏஞ்சலசில் இருந்ததால், அந்நகரைச் சுற்றியிருந்த வண்டிகளே மிகுதியாகப் படமெடுக்கப்பட்டன. குதிரைத்திறன் எண்கள் பல உரிமையாளர்கள் சொன்னவை, அவற்றைச் சற்றுக் குறைத்தே படிக்கலாம். ஒளிப்படக்காரர் வராத ஊரில் அதே திறமையோடு கட்டப்பட்ட வண்டிக்கு இன்று மாதிரியுரு இல்லை, ஏனெனில் பார்த்துச் செய்யப் படமே இல்லை. சோழவரத்தில் ஓடிய கைவேலைப் பந்தய வண்டிகளுக்கும் இது பொருந்தும். அவற்றுள் ஒன்றின் நேர்பக்கப் படமும் ஏதேனும் ஓர் உறுப்பின் உண்மை அளவும் ஒருவரது பழைய படத்தொகுப்பில் இருக்குமானால், மேற்கூறிய கணக்கைக் கொண்டு அவ்வண்டியை மேசைமேல் மீட்டெடுக்க இயலும்.

'ராட் அண்ட் கஸ்டம்' 2014-ல் நின்றது. 2019 திசம்பரில் 'கார் கிராஃப்ட்' உட்படப் பத்தொன்பது இதழ்களின் அச்சுப் பதிப்பை அவற்றின் வெளியீட்டாளர் ஒரே அறிவிப்பில் நிறுத்தினார். அதன்பின் மாதிரியுருக் கலைஞர்கள் வாங்குவதெல்லாம் பழைய பிரதிகளே. அளவுகோல் வைத்து அளந்த பென்சில் கோடுகளோடு அவற்றுள் சில கைமாறுகின்றன.