பதிந்ததும் பதியாததும்: இல்லக் கண்காணிப்புக் கருவிகளில் காட்சிப்பதிவு உருவாகும் முறை

ஆய்வுச் சுருக்கம்

வீட்டு வாயிலில் பொருத்தப்படும் காணொளி அழைப்புமணியும் கண்காணிப்புக் கேமராவும் நடந்ததை நடந்தவாறே சேமித்து வைப்பன என்பது பொதுவான எண்ணம். உணரி, ஒளிச்சில்லு, சுருக்கமுறை, சேமிப்பகம், கடிகாரம் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் சிலவற்றை ஏற்றும் சிலவற்றை விடுத்துமே அக்கருவிகள் பதிவை உருவாக்குகின்றன. அவ்விடுபாடுகள் எங்கே, எதனால் நிகழ்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: காணொளி அழைப்புமணி, சிசிடிவி, அகச்சிவப்பு உணரி, காட்சிச் சுருக்கம், மேலெழுதல், மின்னணுச் சான்று

முன்னுரை

கண்காணி என்னும் சொல் சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவரைச் சுட்டுகிறது. பிற்காலத்தில் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் தொழிலாளரைத் திரட்டி வேலை வாங்கியவர் ‘கங்காணி’ எனப்பட்டார். இவ்விருவரும் மனிதர்கள், கண்டதை நினைவிலிருந்து உரைத்தவர்கள், ‘நீ அப்போது எங்கே நின்றாய்?’ என்று அவர்களைத் திருப்பிக் கேட்க முடிந்தது. இன்று கண்காணிப்பு என்பது பெரிதும் கருவியின் தொழிலாகிவிட்டது. கருவியிடம் அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. ‘கேமராவில் இல்லை, ஆகவே நடக்கவில்லை’ என்னும் முடிவு தெருச்சண்டை முதல் நீதிமன்றம் வரை எளிதாக எட்டப்படுகிறது. இம்முடிவு எந்த அளவிற்குச் செல்லும் என்பதை அறியப் பதிவு எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காண வேண்டியுள்ளது.

வாயிலைக் காணொளியில் காணும் எண்ணம் புதிதன்று. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், தம் கணவருடன் இணைந்து 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், கதவில் மேலும் கீழுமாக அமைந்த பார்வைத் துளைகள், அவற்றிடையே நகரும் கேமரா, வீட்டினுள் ஒரு திரை, வந்தவரோடு பேசும் வசதி ஆகியன இடம்பெற்றிருந்தன. இன்றைய அழைப்புமணியின் உறுப்புகளுள் பல அதிலேயே உள்ளன எனலாம்.

விழித்தெழும் கணம்

மின்கலத்தால் இயங்கும் அழைப்புமணி பெரும்பாலான நேரம் உறங்குகிறது. இடையறாது பதிவு செய்தால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதே காரணம். அதனை எழுப்பும் பொறுப்பு பெரும்பாலும் செயலறு அகச்சிவப்பு உணரியைச் சாரும். இவ்வுணரி எதையும் வீசுவதில்லை. உடல்கள் வெளியிடும் வெப்பக் கதிர்வீச்சின் மாற்றத்தை மட்டும் உணர்கிறது. அதனுள் எதிரெதிராக இணைக்கப்பட்ட இரு படிகப் பகுதிகள் உள்ளன. முன்னுள்ள பிரெனெல் வில்லை, பார்வைப் பரப்பைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒருவர் ஒரு பட்டையிலிருந்து மற்றொன்றிற்குக் குறுக்கே நடக்கும்போது ஒரு பகுதி முன்னும் மற்றது பின்னுமாகச் சூடேற, மின்குறி எழுகிறது.

இவ்வமைப்பிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. குறுக்கே கடப்பவரை உணரி எளிதில் அறியும். நேராக அதனை நோக்கி வருபவரைத் தாமதமாகவே அறியும். வாயிலுக்கு வருவோர் பெரும்பாலும் நேராகத்தான் வருகின்றனர் என்பது இதிலுள்ள முரண். அடுத்து, சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது வேறுபாடு குறைந்து உணர்திறன் தளர்கிறது. சித்திரை நண்பகலில் சென்னையிலோ வேலூரிலோ இக்கருவி மார்கழி இரவில் இயங்குவது போன்று இயங்குமென எதிர்பார்க்கவியலாது. மேலும், சாளரக் கண்ணாடி இவ்வலைநீளக் கதிரைக் கடத்தாது. கண்ணாடிக்குப் பின் வைக்கப்பட்ட கருவி வெளியே நடப்பவரின் வெப்பத்தை அறியாது.

உணரி குறி தந்தபின் ஒளிச்சில்லும் செயலியும் விழித்துப் பதிவைத் தொடங்கச் சிறிது நேரம் ஆகும். வந்தவர் முதுகைக் காட்டித் திரும்பும் காட்சியே பல பதிவுகளில் எஞ்சுவதற்கு இத்தாமதமே காரணம். சில மின்கல வகைகள் குறைந்த தெளிவில் ஓரிரு நொடிகளைத் தற்காலிக நினைவகத்தில் சுழலவிட்டு, நிகழ்வுக்கு முந்தைய காட்சியையும் சேர்க்கின்றன. மின்கம்பி இணைப்புள்ள கருவிகளுக்கு இது எளிது. அவை படத்தையே தொடர்ந்து ஒப்பிட்டுப் படப்புள்ளிகளின் மாற்றத்தைக் கொண்டு அசைவை முடிவு செய்கின்றன. நிழல், மழைத்தாரை, கிளையசைவு ஆகியனவும் அவற்றுக்கு அசைவே. இரவில் கேமராவின் முன் வலை பின்னும் சிலந்தி, ஒரே இரவில் நூற்றுக்கணக்கான ‘நிகழ்வுகளை’ உருவாக்கிவிடும். சலிப்புற்ற உரிமையாளர் உணர்திறனைக் குறைத்துவிடுவார். அக்குறைப்பு எந்தப் பதிவிலும் தென்படாது.

இரவின் நிறம்

பகலில் ஒளிச்சில்லின் முன் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி நிற்கிறது. ஒளி குன்றியதும் அது ‘டிக்’ என்னும் ஓசையுடன் விலக, கருவியிலுள்ள விளக்குகள் 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கின்றன. இவ்வொளியில் நிறம் என்பது இல்லை. துணி அகச்சிவப்பை எவ்வளவு எதிரொளிக்கிறது என்பதே அதன் வெண்மையையும் கருமையையும் தீர்மானிக்கிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சாயங்களுள் பல, அண்மை அகச்சிவப்பை நன்கு எதிரொளிப்பன. ஆகவே கறுப்புச் சட்டை அணிந்தவர் இரவுப் பதிவில் வெளிர்சட்டைக்காரராகத் தோன்றக்கூடும். நேரில் கண்ட சாட்சி கறுப்பு என்றும் பதிவு வெளுப்பு என்றும் கூறுமிடத்துச் சாட்சி பொய்யுரைப்பதாகக் கொள்வது பிழையாகும்.

சுருக்கத்தில் இழப்பன

1920 × 1080 அளவுள்ள ஒரு படத்தில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைட்டு, நொடிக்கு 15 படம் எனக் கொண்டால் ஒரு நாளுக்குச் சுமார் 8 டெராபைட் தேவைப்படும். இதனை எந்த வீடும் தாங்காது. எனவே எச்.264, எச்.265 போன்ற முறைகளில் காட்சி சுருக்கப்படுகிறது. இவற்றில் இடையிடையே ஒரு முழுப்படம் சேமிக்கப்படும். மற்றவற்றுக்கு முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதி மட்டும் குறிக்கப்படும். நொடிக்கு 2 மெகாபிட் என்னும் அளவில் இது ஒரு நாளுக்கு 21.6 கிகாபைட்டாகக் குறைகிறது. இச்சுருக்கத்தில் முதலில் பலியாவது நுண்விவரம். பத்துப் பதினைந்து புள்ளிகளில் அடங்கிய முகத்தைப் பின்னர் எவ்வளவு பெரிதாக்கினும் இல்லாத விவரம் தோன்றாது. செயற்கை நுண்ணறிவால் ‘தெளிவாக்கப்பட்ட’ முகம், மென்பொருள் தான் கற்ற பிற முகங்களிலிருந்து நிரப்பிய ஊகமாகும். அதனை அடையாளம் காணப் பயன்படுத்துதல் முறையன்று.

சேமிப்பும் மேலெழுதலும்

மேகச் சேமிப்பை நம்பும் அழைப்புமணியில், அருகலை இணைப்பு அறுந்த வேளையின் காட்சி கருவியிலேயே நினைவக வசதி இருந்தாலன்றிக் கிடைக்காது. வன்தட்டுடன் கூடிய பதிவுப்பெட்டியில் சிக்கல் வேறு. தட்டு நிறைந்ததும் பழைய காட்சியின் மேல் புதியது எழுதப்படுகிறது. மேற்கண்ட அளவில் 1 டெராபைட் தட்டு ஒரு கேமராவிற்குச் சுமார் 46 நாளும், நான்கு கேமராவிற்குச் சுமார் 11 நாளும் போதும். ஆயினும் கொள்ளளவு மட்டும் காலத்தை முடிவு செய்வதில்லை. அமைப்புத் தெரிவும் முடிவு செய்கிறது.

இதற்குத் தமிழகமே கசப்பான சான்றைத் தந்துள்ளது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்ததை விசாரித்த கோவில்பட்டி நீதித்துறை நடுவர், அந்நிலையத்தின் வன்தட்டு 1 டெராபைட் கொள்ளளவு கொண்டிருந்தும், காட்சிகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தம் அறிக்கையில் பதிவு செய்தார். இடம் இருந்தது, பதிவு இல்லை. வீடுகளில் விற்கப்படும் பெட்டிகளிலும் காட்சியை எத்தனை நாள் வைத்திருப்பது என்னும் இதுபோன்ற தெரிவு உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் காட்சிகளை 18 மாதமும், அதற்கான கருவி கிடைக்காவிடில் குறைந்தது ஓராண்டும் காக்க ஆணையிட்டது. இல்லப் பதிவுகளுக்கு இத்தகைய கால வரையறை எதுவும் அவ்வாணையில் இல்லை. ஆகவே ஒரு நிகழ்வுக்குப் பின் அண்டை வீட்டாரிடம் பதிவைக் கேட்பதில் காட்டும் தாமதமே பெரும்பாலும் அப்பதிவை அழிக்கிறது.

கடிகாரமும் சான்றும்

படத்தின் மூலையில் காணும் நேரம் காட்சியின் பகுதியன்று. கருவி தன் கடிகாரத்தைக் கொண்டு எழுதுவது. இணையத்தில் உள்ள கருவி நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். தனித்தியங்கும் பெட்டியின் கடிகாரம் மெல்ல வழுவும். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்தபின் மின்தடை ஏற்பட்டால் பல ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவும் கூடும். தேர்ந்த புலனாய்வாளர் காட்சியைப் படியெடுக்குமுன் பெட்டியின் நேரத்தையும் உண்மை நேரத்தையும் அருகருகே குறித்து வேறுபாட்டைப் பதிவு செய்வர். இதனைச் செய்யத் தவறிய வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் வேறிடத்தில் இருந்ததாகக் கூறும் பத்து நிமிடமே வழக்கின் உயிராகிவிடலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கு இரு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கோருகிறது. முதற்பகுதியைப் பதிவை முன்வைப்பவரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். பதிவுப்பெட்டி, மேகச் சேமிப்பு முதலிய மூலங்களைக் குறிக்க அதில் இடமுண்டு. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் தர வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினும் அம்மதிப்பு மாறிவிடுமாதலால், கணக்கிட்ட பின் திருத்தம் நிகழவில்லை என்பதை அது உறுதி செய்கிறது. உணரி விழிக்காத நொடிகளையும், குறைக்கப்பட்ட உணர்திறனையும், வழுவிய கடிகாரத்தையும் அது சொல்லாது. அவற்றை அறியக் காட்சிக்கோப்புடன் கருவியின் அமைப்புப் பக்கங்களையும் நிகழ்வுப் பட்டியலையும் சேர்த்தே கைப்பற்ற வேண்டும். பெட்டியை மீட்டமைத்துவிட்டால் அவை திரும்பக் கிடைப்பது அரிது.