திருப்பூர் மாணவர்களும் எம்.பி.ஏ. சேர்க்கையும்

எம்.பி.ஏ. என்பது வணிக மேலாண்மையில் வழங்கப்படும் இரண்டாண்டு முதுகலைப் பட்டம். எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பனியன் தொழிலுக்குப் பெயர்பெற்ற திருப்பூரில், வேலை பார்த்துக்கொண்டே இதற்கு முயல்வோர் சில தனிச் சிக்கல்களைச் சந்திக்கின்றனர்.

நுழைவுத் தேர்வுகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான டான்செட் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. இரண்டு மணி நேரத்தில் 100 வினாக்கள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் குறையும். 2011-இல் தொடங்கிய திருச்சி உள்ளிட்ட இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேரக் கேட் தேர்வு எழுத வேண்டும். இது ஆண்டுதோறும் நவம்பர் வாக்கில் நடைபெறும். மொழித்திறன், தரவு ஆய்வு, கணிதம் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம்.

மொழி

இரு தேர்வுகளும் ஆங்கிலத்தில் நடப்பவை. தமிழ்வழியில் படித்தவர்களுக்குக் கணிதத்தைவிட வாசிப்புப் பகுதியே கடினமாக இருக்கும். இதைக் கடைசி மாதத்தில் சரிசெய்ய இயலாது. ஓராண்டு முன்பே நாள்தோறும் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தைப் படித்து, ஒரு கட்டுரையின் சாரத்தை ஐந்து வரியில் எழுதிப் பழகுவது நல்லது.

அனுபவச் சான்று

பட்டம் பெற்றபின் முழுநேரமாகப் பார்த்த வேலையையே பெரும்பாலான நிறுவனங்கள் அனுபவமாகக் கணக்கிடுகின்றன. ஜாப் ஒர்க் யூனிட்டிலோ குடும்பத் தொழிலிலோ இருப்பவர்களிடம் பல நேரங்களில் உழைப்பு இருக்கும், ஆவணம் இருக்காது. எனவே வேலையில் சேரும்போதே நியமனக் கடிதம் கேட்டுப் பெற வேண்டும். வங்கிவழிச் சம்பளம், வருங்கால வைப்பு நிதிப் பதிவு ஆகியவையும் உதவும்.

நேர்காணல்

சொந்த ஊர்த் தொழில் பற்றிய கேள்விகள் நேர்காணலில் வழக்கமானவை. நொய்யல் மாசு காரணமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது ஏன், கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு என்ன செலவாகும் என்பவற்றைத் திருப்பூர் மாணவர் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

“மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன்” என்று மட்டும் சொல்வது போதாது. சாயமிட்ட துணி தாமதமாக வந்தபோது தையலை எப்படி மாற்றி அமைத்தோம், கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பியிருந்தால் லாபம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்கோடு சொல்ல வேண்டும். கம்பெனியில் தினமும் செய்வதுதானே என்று பலர் இதைச் சொல்லாமல் விடுகின்றனர். மேலாண்மை என்பதே அதுதான்.