பழந்தின்னி வௌவால்: பகையா, துணையா?

தேவாரம், கம்பம் வட்டார விவசாயிகளுக்குப் பழந்தின்னி வௌவால் என்றாலே வெறுப்புத்தான். திராட்சையும் கொய்யாவும் பழுக்கும் பருவத்தில், இரவோடு இரவாகக் கொத்துக் கொத்தாகச் சேதம் செய்துவிடுகிறது. ஆயினும், அதே வௌவால் செய்யும் நன்மையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழந்தின்னி வௌவால்கள் கண்பார்வையாலும் மோப்பத்தாலும் இரை தேடுகின்றன. பழத்தை மென்று, சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பிவிடும். ஆல், அத்தி போன்றவற்றின் சிறு விதைகள் எச்சத்துடன் தொலைவில் விழுந்து முளைக்கின்றன.

இலவ மரம் வளர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவம் இலை உதிர்ந்தபின் பூக்கிறது. பூக்கள் இருட்டிய பின் விரிந்து தேன் சுரக்கின்றன. தேனுண்ண வரும் வௌவாலின் முகத்திலும் மார்பிலும் மகரந்தம் ஒட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் செல்கிறது. இந்த மகரந்தச் சேர்க்கையால் காய் பிடிக்கிறது. போடி, வருசநாடு பகுதிகளின் இலவம் பஞ்சு விளைச்சலில் வௌவாலுக்கும் பங்குண்டு.

தேவாரத்துக்குக் கிழக்கே, பள்ளத்தாக்கின் மறுபுறம் உள்ள மேகமலையில் மிக அரிய இனம் ஒன்றும் வாழ்கிறது. 1948-ஆம் ஆண்டு அங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆய்வாளர் அங்கே ஒரு வௌவாலைப் பிடித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரண குறுமூக்கு வௌவால் என்று கருதப்பட்டு அது அங்கேயே கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்து, புதிய இனம் என்று கண்டார். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். 1993-இல்தான் அது மீண்டும் பிடிபட்டது.

வெளியே தெரியும் வால் இதற்குக் கிடையாது. பகலில் குகைகளில் தங்கி, இரவில் அத்தி முதலிய காட்டுப் பழங்களைத் தின்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியன்றி உலகில் வேறெங்கும் இது இல்லை. காடு குறைந்தாலும், குகையில் புகை போட்டாலும், இந்த இனம் மீள்வது கடினம். பழந்தின்னி வௌவால்கள் பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனுவதால், அழிந்த கூட்டம் விரைவில் பெருகாது.

முன்பு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்துடன் தீங்கு உயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது.

ஆகவே விவசாயிகள் செய்யத்தக்கவை:

வௌவாலைச் சுடுவதும், நஞ்சு வைப்பதும், குகையில் தீ மூட்டுவதும் கூடாது.

சிறு கண் கொண்ட வலையைத் தொய்வின்றி இழுத்துக் கட்டவேண்டும். தொய்ந்த வலையில் வௌவால் சிக்கிச் சாகும், வலையும் கிழியும். அறுவடை முடிந்ததும் வலையைக் கழற்றி வைக்கவேண்டும்.

பழுத்தவற்றை மரத்தில் விட்டுவைக்காமல் உடனுக்குடன் பறிப்பது நல்லது.

வௌவால் கடித்த பழத்தை யாரும் உண்ணக்கூடாது. குழந்தைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். 2018-இல் அண்டை மாநிலமான கேரளத்தில் உயிர்ப்பலி வாங்கிய நிபா காய்ச்சலின் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் காணப்படுவதாகும். மற்ற பழங்களையும் நன்கு கழுவியே உண்ண வேண்டும்.

வலை கட்டும் செலவு கொஞ்சம்தான். வௌவால் அற்றுப்போனால், இலவந்தோப்பில் காய்ப்புக் குறைவது பெரிய நட்டம்.